சர்வர்லெஸ் ஃபங்ஷன் எங்க ஓட்டறது: லாம்டாவா, கிளவுட் ரன்னா, வொர்க்கர்ஸா, இல்ல பேசாம ஒரு விபிஎஸ்ஸா?

செவ்வாப்பேட்டை கொலுசுப் பட்டறைக்கு ஆர்டர் ஆப், இளம்பிள்ளைல சேலை விக்கறவங்களுக்கு வாட்ஸ்அப் பில்லு, ஏற்காட்டு ஹோம்ஸ்டேக்கு ரூம் புக்கிங்... சேலத்துல சின்ன அளவுல சாப்ட்வேர் பண்றவங்களுக்கு வர்ற வேலை பெரும்பாலும் இந்த மாதிரிதான். டீம்னா ஒருத்தர், மிஞ்சிப் போனா மூணு பேர். கோடு எழுதறவரே டெப்ளாய் பண்ணணும், ராத்திரி ஏதாச்சும் நின்னு போனா அவரே எந்திரிச்சுப் பாக்கணும். இவங்க திரும்பத் திரும்பக் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, "சர்வர் பாத்துக்கற தலைவலி வேணாம்னு சர்வர்லெஸ் போலாம்னு இருக்கேன், அதுல எதை எடுக்கறது?" சர்வர்லெஸ்னா, சர்வரை கிளவுட்காரங்களே பாத்துப்பாங்க, நீங்க எழுதின கோடுத் துண்டை (அதான் ஃபங்ஷன்) கூப்பிடும்போது மட்டும் ஓட்டுவாங்க. விபிஎஸ்னா மாச வாடகைக்கு எடுத்து நீங்களே பாத்துக்கற சின்ன சர்வர்.

பதில் ஒரு வரில சொல்ல முடியாது, ஏன்னா வேலையைப் பொறுத்து மாறும். ஆனா எந்த வரிசைல யோசிக்கணும்னு சொல்ல முடியும். நெறைய பேர் மொதல்ல விலையைப் பாக்கறாங்க, அப்புறம் வேகம். எனக்கு அது தலைகீழாப் படுது. மொதல்ல பாக்க வேண்டியது, ஃபங்ஷன் பாதில விழுந்தா அது கைல இருந்த வேலை எங்க போய் நிக்குது, நின்னது உங்களுக்கு எப்பத் தெரியும், அவ்ளோதான். விழாத கிளவுட்னு ஒண்ணு கெடையாது. 2025ல மட்டும் ஜூன் 12 கூகுள் கிளவுட் நின்னுச்சு, அக்டோபர் 20 ஏடபிள்யூஎஸ்ஸோட (அமேசானோட கிளவுட்) வர்ஜீனியா ரீஜன், அதாவது அங்க இருக்கற சர்வர் கூட்டம், நின்னுச்சு, நவம்பர் 18 கிளவுட்ஃப்ளேர் நின்னுச்சு. மூணு பேருமே உலகத்துலயே பெரிய ஆளுங்க. அதனால "எது விழாது"ன்னு தேடி நேரத்தை வீணாக்க வேணாம்.

## எதை வெச்சு அளக்கறது

விழுந்த வேலை. இதை ஒரு புக்கிங் வெச்சே பாத்துடலாம், ஏன்னா இங்கதான் நிஜமான பணம் மாட்டுது. ஏற்காடு மலை ஏறிட்டு இருக்கற ஒரு குடும்பம், கொண்டை ஊசி வளைவுல சிக்னல் வந்து வந்து போகுது, கார்ல ஒக்காந்தபடியே ரூமுக்கு அட்வான்ஸ் கட்டறாங்க. பேமென்ட் கேட்வே (பணம் வாங்கித் தர்ற சேவை) உங்க ஃபங்ஷனுக்கு வெப்ஹுக், அதாவது "பணம் வந்துடுச்சு"ங்கற தகவலை, அனுப்புது. ஃபங்ஷன் டேட்டாபேஸ்ல புக்கிங் எழுதிடுச்சு, அடுத்த வரில வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பப் போகுது, அந்த ஏபிஐ பதில் தராம இழுக்குது, ஃபங்ஷனோட டைம்அவுட் (ஓடறதுக்குக் குடுத்த நேரம்) முடிஞ்சு போச்சு. கேட்வேக்கு 200 ("சரி, வாங்கிட்டேன்"ங்கற பதில்) போகல. அது என்ன நெனைக்கும், "டெலிவரி ஆகல"ன்னு நெனச்சு அதே வெப்ஹுக்கை மறுபடி அனுப்பும். ஃபங்ஷன் மறுபடி மேல இருந்து ஓடும், ரெண்டாவது புக்கிங் எழுதும். ஒரு பேமென்ட், ரெண்டு ரூம் பிளாக் ஆகிப்போச்சு, மே மாசக் கோடை விழா சமயத்துல ஒரு ரூம் சும்மா காலியாக் கெடக்கும், வாசல்ல வந்து நிக்கறவங்களுக்கு ஃபுல்லுனு சொல்லி அனுப்புவாங்க.

இதுக்குத் தீர்வு எந்தக் கிளவுட்லயும் ஒண்ணுதான். பேமென்ட் ஐடியை புக்கிங் டேபிள்ல யுனிக்கா வெச்சுடுங்க, ஏற்கனவே இருந்தா இன்செர்ட் பண்ணாம அப்படியே 200 குடுத்துடுங்க. வாட்ஸ்அப் அனுப்பற வேலையை அந்த ஃபங்ஷன்லயே பண்ணாதீங்க, ஒரு க்யூல போட்டுட்டு வந்துடுங்க. லீ பஜார்ல லாரி வந்து நிக்கும்போது குடோன் பூட்டியிருந்தா மூட்டையை ரோட்டுல போட மாட்டாங்கல்ல, திண்ணைல எறக்கி வெப்பாங்க, க்யூங்கறது அந்தத் திண்ணைதான். அளக்க வேண்டியது என்னன்னா, இந்தத் திண்ணையை எந்தக் கிளவுட் சுலபமாக் கட்டித் தருது, கட்டலைன்னா மூட்டை என்ன ஆகுதுங்கறதைத்தான்.

திரும்பி வர்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெப்ளாய் பண்ணீங்க, ஏதோ உடைஞ்சுது. பழைய வெர்ஷனுக்கு எத்தனை நிமிஷத்துல போக முடியும், அதுக்கு மறுபடி பில்டு பண்ணணுமா இல்ல ஒரு கமாண்டா?

வேலையோட வடிவம். கொஞ்ச நேரத்துல முடியற வேலையா, ஜவ்வரிசி மில்லுக்கு மாசக் கடைசில ஓடற லாட் வாரி கணக்கு மாதிரி அரை மணி நேரம் இழுக்கறதா? செவ்வாய்க்கிழமை ஆளே இல்லாம, சனிக்கிழமை குவியற டிராஃபிக்கா, இல்ல நாள் பூரா ஒரே சீரா வர்றதா?

மொத்த பில்லு. ஃபங்ஷன் ஓடற காசு மட்டும் இல்ல, அதைச் சுத்தி நிக்கறது எல்லாம் சேத்து, மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேத்து.

ரெண்டு வருஷம் கழிச்சு யார் பாப்பாங்க. ரன்டைம் வெர்ஷன் காலாவதி ஆகும், எழுதினவர் பெங்களூருக்கு வேலை கெடைச்சுப் போயிடுவார். அடுத்தவர் வந்து திறந்து பாத்தா புரியணும். இதை யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல, ஆனா சின்னக் கடைங்களோட சிஸ்டம் சாகறது பெரும்பாலும் இங்கதான்.

## ஏடபிள்யூஎஸ் லாம்டா

2014ல வந்தது, இந்த வகைல எல்லாரும் மொதல்ல கத்துக்கறது. மும்பைல ரீஜன் இருக்கு, ஹைதராபாத்துலயும் இருக்கு. ஒரு தடவை அதிகபட்சம் 15 நிமிஷம் ஓடும், மெமரி 128 எம்பில இருந்து 10 ஜிபி வரைக்கும் வெச்சுக்கலாம், மெமரி ஏத்துனா சிபியுவும் கூடவே ஏறும். ஏத்தாம விட்டுட்டு "லாம்டா ஸ்லோ"ன்னு சொல்றவங்க 128லயே ஓட்டிட்டு இருப்பாங்க, 512க்கு மாத்திப் பாருங்க, ஓடற நேரம் கொறஞ்சு சில சமயம் செலவும் கிட்டத்தட்ட அதே தான் வரும்.

விழுந்த வேலை விஷயத்துல லாம்டாவை மிஞ்ச ஆள் இல்லன்னு தைரியமாச் சொல்வேன். எஸ்கியூஎஸ்ஸுங்கற ஏடபிள்யூஎஸ்ஸோட க்யூவை முன்னாடி வெச்சு, அதுக்கு ஒரு டெட் லெட்டர் க்யூ (திரும்பத் திரும்ப விழுந்த மெசேஜ் போய்ச் சேர்ற தனி க்யூ) வெச்சா, ஃபங்ஷன் விழுந்தா மெசேஜ் மறுபடி க்யூக்கே போகும், நீங்க சொன்ன தடவை முயற்சி பண்ணிட்டு டெட் லெட்டர்ல போய் ஒக்காந்துக்கும், காலைல எந்திரிச்சு கோடைத் திருத்திட்டு மறுபடி அனுப்பிக்கலாம். ஒரு மெசேஜும் தொலையாது.

ஆனா டீஃபால்ட்டை அப்படியே விட்டீங்கன்னா கதை வேற, இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. ஃபங்ஷன் டைம்அவுட் டீஃபால்ட்டா 3 செகண்ட் தான், வெளி ஏபிஐ கூப்பிடற எந்த வேலைக்கும் அது பத்தாது. அசிங்க் முறைல (பதிலுக்குக் காத்திருக்காம) கூப்பிட்டா விழுந்ததுக்கு அப்புறம் ரெண்டு தடவை முயற்சி பண்ணும், அதுக்கு மேல டெட் லெட்டரோ டெஸ்டினேஷனோ நீங்க வெக்கலைன்னா அந்த ஈவென்ட்டைத் தூக்கிப் போட்டுடும், சத்தமே வராது. எஸ்கியூஎஸ்ஸோட விசிபிலிட்டி டைம்அவுட்டை (ஒருத்தர் எடுத்த மெசேஜ் மத்தவங்க கண்ணுல படாம இருக்கற நேரம்) ஃபங்ஷன் டைம்அவுட்டைப் போல ஆறு மடங்காச்சும் வைங்கன்னு ஏடபிள்யூஎஸ்ஸே சொல்லுது, வெக்கலைன்னா ஒரு ஃபங்ஷன் அதை இன்னும் முடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு அதே மெசேஜைத் தூக்கிடும். பத்து பத்தா பேட்ச் எடுத்தா ஒண்ணு விழுந்தாலும் பத்தும் திரும்ப ஓடும், எது விழுந்துச்சோ அதை மட்டும் திருப்பிச் சொல்ற செட்டிங்கை நீங்கதான் ஆன் பண்ணணும். டெட் லெட்டர் க்யூவோட ரிடென்ஷனை (மெசேஜை வெச்சிருக்கற காலத்தை) 14 நாளைக்கு ஏத்திடுங்க, டீஃபால்ட் 4 நாள், பொங்கல் லீவுல ஊருக்குப் போனா அதுக்குள்ளயே போயிடும்.

அடுத்தது டேட்டாபேஸ். லாம்டால ஒரு இன்ஸ்டன்ஸ் (ஓடிட்டு இருக்கற ஒரு பிரதி) ஒரு நேரத்துல ஒரு ரிக்வெஸ்ட் தான் பாக்கும். 200 பேர் ஒரே சமயத்துல வந்தா 200 இன்ஸ்டன்ஸ், ஆளுக்கு ஒரு கனெக்ஷன். போஸ்ட்கிரெஸ்ல டீஃபால்ட் கனெக்ஷன் வரம்பு 100. ஃபங்ஷன் நல்லா ஓடும், டேட்டாபேஸ் மூச்சுத் திணறும், எல்லா ஸ்கிரீன்லயும் எர்ரர் வரும். ரிசர்வ்டு கன்கரன்சியை இருபதோ முப்பதோ வெச்சு மேல் வரம்பு போட்டுடுங்க, இல்லன்னா ஆர்டிஎஸ் ப்ராக்ஸி மாதிரி, கனெக்ஷனைப் பகிர்ந்து குடுக்கற ஒண்ணு நடுவுல வேணும், அதுக்குத் தனிக் காசு.

காசுன்னு வந்தாச்சு, கணக்கைப் பாத்துடுவோம். மாசம் 3 லட்சம் ரிக்வெஸ்ட், ஒண்ணொண்ணும் 512 எம்பில 200 மில்லிசெகண்ட் ஓடுதுன்னா மொத்தம் 30,000 ஜிபி-செகண்ட் (மெமரியை ஓடற நேரத்தால பெருக்கினது). மாசாமாசம் இலவசமாத் தர்றது 10 லட்சம் ரிக்வெஸ்ட்டும் 4 லட்சம் ஜிபி-செகண்டும். அதாவது ஃபங்ஷன் ஓடற காசு பூஜ்யம். ஆனா டேட்டாபேஸைப் பாதுகாப்பா வெக்கணும்னு லாம்டாவை விபிசிக்குள்ள (உங்க தனி நெட்வொர்க்குக்குள்ள) தள்ளினீங்க, உள்ள போனதும் அதுக்கு இன்டர்நெட் கெடையாது, வாட்ஸ்அப் ஏபிஐ கூப்பிடணும்னா நாட் கேட்வே (அங்க இருந்து வெளிய போற வாசல்) வேணும்னு ஏதோ ஒரு டுட்டோரியல் பாத்து வெச்சீங்கன்னா, அமெரிக்க ரேட்டுலயே மணிக்கு 0.045 டாலர், மாசம் 33 டாலர் கிட்ட, ஒரு ரிக்வெஸ்ட்டும் வராட்டியும். ஃபங்ஷன் இலவசம்னு வந்துட்டு இங்க மாட்டினவங்க நெறைய. கிளவுட்வாட்ச் லாகும் (ஃபங்ஷன் ஓடினதோட பதிவு) அப்படித்தான், டீஃபால்ட்டா எப்பவுமே அழியாது, 14 நாளோ 30 நாளோ ரிடென்ஷன் வெச்சுடுங்க.

திரும்பி வர்றது இங்க நல்லாவே இருக்கு. ஒவ்வொரு டெப்ளாயும் ஒரு வெர்ஷன், அதைக் காட்டற பேர் ஒரு ஏலியாஸ், ஏலியாஸைப் பழைய வெர்ஷனுக்குத் திருப்பினா முடிஞ்சுது. புது வெர்ஷனுக்கு 10 சதவீதம் டிராஃபிக் மட்டும் விட்டுப் பாக்கவும் செய்யலாம்.

லாம்டாவோட நெஜமான விலை தலைல ஏத்திக்க வேண்டிய பாரம். ஐஏஎம் பெர்மிஷன் (எது எதைத் தொடலாம்ங்கற அனுமதி), க்யூ, அலாரம், ஏலியாஸ்னு பத்து விஷயத்தைச் சேத்து ஒரு வேலை. இதை கன்சோல்ல கிளிக் பண்ணிக் கட்டினா ஆறு மாசத்துல உங்களுக்கே மறந்துடும். சாம் ஃபைலோ டெராஃபார்மோ, இந்த அமைப்பையே கோடா எழுதற ஏதோ ஒண்ணுல எழுதி கிட்ல போட்டே ஆகணும். அதுக்குப் பொறுமை இல்லன்னா லாம்டா வேணாம்னே சொல்வேன்.

## கூகுள் கிளவுட் ரன்

கூகுளோட கிளவுட் ஃபங்ஷன்ஸ் 2024 ஆகஸ்ட்ல இருந்து கிளவுட் ரன் ஃபங்ஷன்ஸ்னு பேர் மாறிடுச்சு, உள்ள ஓடறது கிளவுட் ரன் தான். அதனால ரெண்டையும் ஒண்ணாவே பாக்கலாம்.

ஏற்கனவே ஜாங்கோவுலயோ எக்ஸ்பிரஸ்லயோ லாராவெல்லயோ எழுதி வெச்ச ஆப் இருக்கா? அப்ப இதான் உங்களுக்கு. டாக்கர் ஃபைல் ஒண்ணு எழுதி, ஆப்பைக் கன்டெய்னர்ங்கற ஒரே பொட்டலமாக் கட்டி அப்படியே கொண்டு போய் வெக்கலாம், ஃபங்ஷன் ஃபங்ஷனா ஒடைக்க வேண்டியதில்ல. நாளைக்குப் பிடிக்கலைன்னா அதே கன்டெய்னரைத் தூக்கிட்டுப் போய் வேற எடத்துல ஓட்டிக்கலாம், எழுதினவர் ஊரை விட்டுப் போனாலும் வர்றவருக்குப் புதுசா ஒண்ணும் புரிய வேண்டியதில்ல, சாதாரண வெப் ஆப் தானே. சேலம் மாதிரி ஊர்ல ஆள் கெடைக்கறதை யோசிச்சா இது சின்ன விஷயம் கெடையாதுங்க.

ஒரு இன்ஸ்டன்ஸ் டீஃபால்ட்டா 80 ரிக்வெஸ்ட் வரைக்கும் ஒரே நேரத்துல பாக்கும், அதனால லாம்டால வர்ற கனெக்ஷன் தொல்லை இங்க ரொம்பக் கம்மி. அப்பவும் மேக்ஸ் இன்ஸ்டன்ஸைக் கண்டிப்பா வெச்சுடுங்க. ஒரு ரிக்வெஸ்ட் 60 நிமிஷம் வரைக்கும் ஓடலாம், டீஃபால்ட் 5 நிமிஷம். அதுக்கும் மேல இழுக்கற வேலைன்னா கிளவுட் ரன் ஜாப்ஸ் இருக்கு, மில்லு கணக்கு மாதிரி வேலைக்கு அது ஒரு நாள் முழுக்கக் கூட ஓடும். மாசம் 20 லட்சம் ரிக்வெஸ்ட் இலவசம்.

இங்க மாட்டற எடம் ரெண்டு. பதில் அனுப்பிட்டு பின்னாடி த்ரெட்ல வாட்ஸ்அப் அனுப்பிக்கலாம்னு எழுதுவாங்க, லேப்டாப்ல பிரமாதமா ஓடும். கிளவுட் ரன்ல ரிக்வெஸ்ட் கணக்குல பில்லிங் வெச்சிருந்தா, பதில் போனதும் சிபியுவைக் கிட்டத்தட்ட புடுங்கிடும், அந்த த்ரெட் அங்கயே ஒறஞ்சு நிக்கும். அடுத்த ரிக்வெஸ்ட் வந்தா உயிர் வரும், வராட்டி அந்த மெசேஜ் போகவே போகாது. டெஸ்ட் பண்ணும்போது அடுத்தடுத்து கிளிக் பண்ணிட்டே இருப்பீங்களா, அதனால கண்ணுல படாது, ஆள் வராத மதிய நேரத்துல தான் தெரியும். பின்னாடி ஓட வேண்டிய எதுவா இருந்தாலும் கிளவுட் டாஸ்க்ஸ்லயோ பப்சப்லயோ (ரெண்டும் கூகுளோட க்யூ மாதிரி) போடுங்க. பப்சப்ல டெட் லெட்டர் டாபிக் வெச்சுக்கலாம், அஞ்சு தடவைல இருந்து நூறு தடவை வரைக்கும் முயற்சி பண்ணச் சொல்லலாம். லாம்டா அளவுக்கு வழுவழுன்னு இல்ல, ஆனா போதும்.

ரெண்டாவது, ஃபைல் எழுதினா அது டிஸ்க்ல போகாது, மெமரில போகும். பில் பிடிஎஃப் போட்டு அழிக்காம விட்டா மெமரி நெறஞ்சு இன்ஸ்டன்ஸ் செத்துப் போகும்.

மறைஞ்சிருக்கற செலவுன்னா, ஆப் பூஜ்யத்துக்கு எறங்கினாலும் கிளவுட் எஸ்கியூஎல் (கூகுளோட டேட்டாபேஸ்) எறங்காது, அது 24 மணி நேரமும் மீட்டர் ஓடும். கோல்ட் ஸ்டார்ட் (தூங்கின ஆப் எந்திரிக்க ஆகற தாமதம்) பிடிக்கலன்னு மினிமம் இன்ஸ்டன்ஸ் 1 வெச்சா அதுக்கும் மாசம் பூரா காசு. ஒவ்வொரு டெப்ளாய்லயும் ஒரு கன்டெய்னர் இமேஜ் சேந்துட்டே போகும், பழசை அழிக்கற பாலிசி போட்டுடுங்க. திரும்பி வர்றது இருக்கறதுலயே இங்கதான் எனக்குப் புடிக்கும், புது ரிவிஷனை (வெர்ஷனை) டிராஃபிக் இல்லாம ஏத்தி, தனி லிங்க்ல நீங்களே புக்கிங் போட்டுப் பாத்துட்டு, அப்புறம் டிராஃபிக்கை மாத்தலாம்.

## கிளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸ்

இது அமைப்புலயே வேற. கன்டெய்னர் கெடையாது, குரோம் பிரவுசருக்குள்ள இருக்கற அதே வி8 இன்ஜின்ல சின்னச் சின்ன ஐசோலேட்டா (தடுத்து வெச்ச அறை மாதிரி) ஓடுது. அதனால கோல்ட் ஸ்டார்ட்டுனு பேசற அளவுக்கு ஒண்ணுமில்ல. சென்னைலயே அவங்க டேட்டாசென்டர் இருக்கு. ஜாவாஸ்கிரிப்டோ டைப்ஸ்கிரிப்டோ தெரிஞ்சவங்களுக்கு டெப்ளாய் ஒரே கமாண்ட், ரோல்பேக்கும் ஒரே கமாண்ட், நெஜமாவே இவ்ளோ சுலபமா வேற எங்கயும் இல்ல.

ஃப்ரீ பிளான்ல ஒரு நாளைக்கு 1 லட்சம் ரிக்வெஸ்ட், ஒவ்வொண்ணுக்கும் 10 மில்லிசெகண்ட் சிபியு. வெளி ஏபிஐ பதிலுக்குக் காத்திருக்கற நேரம் இதுல சேராது, கணக்குப் போடற நேரம் மட்டும் தான், அதனால வெப்ஹுக் வாங்கறது, ரீடைரக்ட் பண்றது, ஃபார்ம் சேமிக்கறதெல்லாம் தாராளமா ஓடும். பாஸ்வேர்டை ஹேஷ் பண்றது, பிடிஎஃப் போடறதெல்லாம் 10 மில்லிசெகண்ட்ல அடங்காது. ஃப்ரீ வரம்பு தாண்டினா எர்ரர் வரும், யுடிசி நள்ளிரவுல தான் திரும்பத் தொறக்கும், நம்ம ஊர்ல அது காலைல 5.30. கடைக்குக் காசு வர்ற விஷயத்தை ஃப்ரீ பிளான்ல வெக்காதீங்க, மாசம் 5 டாலர் கட்டினா 1 கோடி ரிக்வெஸ்ட்டும் அதுக்கான சிபியு நேரமும் கெடைக்குது, அதுக்கு மேல கஞ்சத்தனம் பண்ண ஒண்ணுமில்ல. இன்னொண்ணு, ஃப்ரீ பிளான் எல்லை தாண்டினா நிக்குமே தவிர பில்லு வராது. படிக்கற பசங்களுக்கும், கிரெடிட் கார்டு குடுக்கப் பயப்படறவங்களுக்கும் அது பெரிய நிம்மதி. ஏடபிள்யூஎஸ்லயும் கூகுள்லயும் பட்ஜெட்னு நீங்க வெக்கறது டீஃபால்ட்டா எச்சரிக்கை மெயில் தான், அதுவா எதையும் நிறுத்தாது.

எச்சரிக்கையா இருக்க வேண்டியது டேட்டா விஷயத்துல. அவங்களோட கேவி ஸ்டோர்ல (பேரும் மதிப்புமா சேமிக்கற எடம்) எழுதினது மத்த எடத்துல தெரிய 60 செகண்டோ அதுக்கு மேலயோ ஆகலாம். வெள்ளி ரேட்டைக் காட்டறதுக்கு ஓகே, ரூம் காலியா இருக்கான்னு பாக்கறதுக்கு ஒத்தே வராது, ரெண்டு பேர் ஒரே ரூமைப் புடிச்சுடுவாங்க. அந்த வேலைக்கு டியூரபிள் ஆப்ஜெக்ட்னு ஒண்ணு இருக்கு, ரூமுக்கு ஒண்ணுன்னு வெச்சா வர்ற ரிக்வெஸ்ட்டெல்லாம் வரிசையா ஒரே எடத்துல தான் போகும். நல்ல டிசைன், ஆனா அப்படி எழுதினா நீங்க கிளவுட்ஃப்ளேரை விட்டு வெளிய வர்றது கஷ்டம், மொத்தமாத் திருப்பி எழுதணும். அவங்களோட க்யூ சேவையான க்யூஸ்ல டெட் லெட்டர் வெக்காம விட்டா டீஃபால்ட்டா மூணு ரீட்ரைக்கு அப்புறம் மெசேஜை அழிச்சுடும், திரும்ப எடுக்க வழியே இல்ல. மெமரி 128 எம்பி, ஏத்த முடியாது.

## சின்ன விபிஎஸ்

சர்வர்லெஸ் பத்திப் பேசும்போது இதை ஏன் சேக்கறேன்னா, நெறைய பேருக்கு நெஜமாவே இது போதும். 1 ஜிபி ராம் விபிஎஸ் ஐநூறு அறுநூறு ரூபாய்க்குக் கெடைக்குது. டேட்டாபேஸ், ஆப், கிரான் (குறிச்ச நேரத்துல தானா ஓடற வேலை) எல்லாம் ஒரே எடத்துல. மாசக் கடைசில பில்லு எவ்ளோன்னு மொத நாளே தெரியும், பட்டறைக்காரர்கிட்ட "இவ்ளோதான் அண்ணா, கூட வராது"ன்னு சொல்லலாம். 15 நிமிஷம், 10 மில்லிசெகண்ட்னு எந்த வரம்பும் கெடையாது. நாள் பூரா ஒரே சீரா வேலை வருதுன்னா கணக்குலயும் இதான் ஜெயிக்கும்.

செலவு எங்க ஒளிஞ்சிருக்குன்னா உங்க நேரத்துல. செக்யூரிட்டி அப்டேட் போடணும், லாக் நெறஞ்சு டிஸ்க் ஃபுல் ஆகாமப் பாக்கணும், 90 நாள்ல காலாவதி ஆகற சர்டிஃபிகேட் தானா ரின்யூ ஆகுதான்னு கவனிக்கணும், பேக்கப்பை வேற எடத்துக்கு அனுப்பணும், அனுப்பினது திரும்ப எடுக்க வருதான்னும் பாக்கணும். மிஷின் நின்னா எல்லாமே நிக்கும், அந்த நேரம் வர்ற வெப்ஹுக்குக்கு கேட்வேயோட ரீட்ரை மட்டும் தான் கதி. இதையெல்லாம் செய்ய மனசும் பழக்கமும் இருக்கறவங்க தாராளமாப் போலாம், இல்லாதவங்க விலையைப் பாத்து மட்டும் போக வேணாம்.

அஸூர் ஃபங்ஷன்ஸைத் தனியா எழுதல. டாட்நெட்ல வேலை செய்யற டீம்னா அதான் இயல்பு, சென்னைல ரீஜன் இருக்கு, பல படியா ஓடற வேலைக்கு டியூரபிள் ஃபங்ஷன்ஸ் உண்மைலயே நல்லா இருக்கும். கன்சம்ப்ஷன் பிளான்ல 10 நிமிஷம் தான் வரம்பு, எச்டிடிபின்னா 230 செகண்ட்குள்ள பதில் போயிடணும். டாட்நெட் பக்கம் இல்லாதவங்க இதுக்காகப் புதுசாப் போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியல.

## பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா

| பாக்கறது | லாம்டா | கிளவுட் ரன் | வொர்க்கர்ஸ் | விபிஎஸ் |
|---|---|---|---|---|
| விழுந்த வேலை | எஸ்கியூஎஸ் + டெட் லெட்டர், ரொம்ப உறுதி | டாஸ்க்ஸ் / பப்சப், போதுமானது | க்யூஸ், டெட் லெட்டர் வெச்சே ஆகணும் | நீங்களே கட்டணும் |
| ஒரு தடவை ஓடற நேரம் | 15 நிமிஷம் | 60 நிமிஷம், ஜாப்ஸ்ல ரொம்ப நேரம் | சிபியு நேரம் தான் வரம்பு | வரம்பு இல்ல |
| திரும்பி வர்றது | ஏலியாஸ் | ரிவிஷன், ரொம்ப வசதி | ஒரே கமாண்ட் | நீங்க எழுதற ஸ்கிரிப்ட் |
| ஒளிஞ்ச செலவு | நாட் கேட்வே, லாக் | டேட்டாபேஸ், மினிமம் இன்ஸ்டன்ஸ் | வெளிய வர முடியாத கோடு | உங்க நேரம் |
| கத்துக்கற பாரம் | அதிகம் | நடுத்தரம் | கம்மி | லினக்ஸ் தெரிஞ்சா கம்மி |

## அப்ப எந்த வேலைக்கு எது

ஏற்காட்டு ஹோம்ஸ்டே புக்கிங் மாதிரி, பணம் நகர்றது, வாரக்கடைசில குவியறது, வார நாள்ல ஆள் இல்லாதது: கிளவுட் ரன்ல ஆப், பின்னாடி வேலைக்கு டாஸ்க்ஸ். ஒருத்தரே பாத்துக்கறார்னா இதான் என் மொத சாய்ஸ். லாம்டால உறுதி அதிகம், ஆனா ஒருத்தர் தலைல அவ்ளோ பாகங்களை ஏத்தறதுல எனக்கு மனசு ஒப்பல.

வெளில இருந்து வர்ற மெசேஜ் ஒண்ணு கூடத் தொலையக் கூடாது, ஒண்ணு வந்தா நாலு எடத்துக்குப் போகணும், பில்லு, ஸ்டாக், டெலிவரி, கணக்குன்னு. ரெண்டு மூணு பேர் டீம் இருக்கு. இதுக்கு லாம்டாவும் எஸ்கியூஎஸ்ஸும் தான், யோசிக்கவே வேணாம்.

கொலுசுப் பட்டறைக்குக் காலைல 10 மணிக்கு வெள்ளி ரேட் மெசேஜ், கேட்டலாக் பேஜ், ஒரு ஃபார்ம், அவ்ளோதான்னா வொர்க்கர்ஸ். கிரான் நேரத்தை மட்டும் கவனிங்க, அங்க யுடிசி தான், 10 மணி வேணும்னா 4.30னு போடணும். கூகுள் ஷெட்யூலர்லயும் ஏடபிள்யூஎஸ்ஸோட ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலர்லயும் ஆசியா/கொல்கத்தான்னே குடுக்கலாம். ஆனா கூகுள் ஷெட்யூலர்ல ரீட்ரை டீஃபால்ட்டா பூஜ்யம், அதை ஏத்திடுங்க.

கடைக்குள்ளயே நாள் பூரா ஓடற பில்லிங், பத்து பதினஞ்சு பேர் தான் யூஸ் பண்றாங்க, லினக்ஸ் தெரிஞ்ச ஒருத்தர் கூடவே இருக்கார்: விபிஎஸ். கூச்சமே பட வேணாம்.

கலந்தும் வெச்சுக்கலாம். வாசல்ல வொர்க்கர் வெப்ஹுக்கை வாங்கி கையெழுத்தை (கேட்வே தான் அனுப்புச்சான்னு) சரிபாத்து க்யூல போட்டுடும், உள்ள விபிஎஸ் எடுத்து வேலை செய்யும், விபிஎஸ் அரை மணி நேரம் நின்னாலும் ஒண்ணும் தொலையாது. நல்ல அமைப்பு தான், ஆனா பாத்துக்க வேண்டிய எடம் ரெண்டாகுது, ஒருத்தர் மட்டும் இருக்கற எடத்துல இதை நான் சொல்ல மாட்டேன்.

## எதை எடுத்தாலும்

ரீஜனை மும்பைல வைங்க. டுட்டோரியல்ல இருந்த வர்ஜீனியாவை அப்படியே விட்டுட்டா தூரமும் கூட, அந்த ரீஜன் படுத்த அன்னைக்கு நீங்களும் சேந்து படுப்பீங்க. பாஸ்வேர்டு, ஏபிஐ கீ எல்லாம் சீக்ரெட் மேனேஜர்ல வைங்க, கோட்ல வேணாம். ரன்டைம் வெர்ஷன் எப்பக் காலாவதின்னு போன் காலண்டர்ல போட்டு வைங்க, நோட்.ஜேஎஸ்ஸும் பைத்தானும் நிக்காம மாறிட்டே இருக்கும், அந்த எச்சரிக்கை மெயில் போற ஐடி கடைக்காரரோட பழைய ஜிமெயிலா இருந்தா யாரும் பாக்கப் போறதில்ல.

அலாரம் ரெண்டு போதும். டெட் லெட்டர்ல ஒரு மெசேஜ் விழுந்தா அடிக்கணும், க்யூல ரொம்ப நேரம் காத்திருக்கற மெசேஜ் பத்து நிமிஷம் தாண்டினா அடிக்கணும். சிபியு, மெமரின்னு இருபது அலாரம் வெச்சா ஒரு வாரத்துல எல்லாத்தையும் மியூட் பண்ணிடுவீங்க.

லைவ் போறதுக்கு முன்னாடி நாள் ஒரு வேலை செய்ங்க. தெரிஞ்சே ஒரு கெட்ட மெசேஜ், தொகை எடத்துல "அஆஇ"ன்னு போட்டு க்யூல தள்ளுங்க. ஃபங்ஷன் விழுதா, சொன்ன தடவை முயற்சி பண்ணுதா, டெட் லெட்டர்ல போய் ஒக்காருதா, உங்க போன் அடிக்குதான்னு பாருங்க. அப்புறம் அந்த மெசேஜைத் திருத்தி மறுபடி அனுப்புங்க, புக்கிங் சரியா ஒண்ணே ஒண்ணு விழணும். அதே மெசேஜை இன்னொரு தடவை அனுப்புங்க, அப்பவும் ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு இருந்துச்சுன்னா லைவ்வைத் தள்ளி வெச்சுட்டு பேமென்ட் ஐடி யுனிக்கா இருக்கான்னு மொதல்ல பாருங்க.